படத்தில் விழாத பொட்டு

என் வீட்டுக்காரருக்கு மனிதர்களைப் படம் எடுக்கப் பிடிக்காது. மலையை எடுப்பார், மலைமேல் படுத்திருக்கும் மேகத்தை எடுப்பார், ஒற்றை சில்வர் ஓக் மரத்துக்கு முன்னால் அரைநாள் நிற்பார். கல்யாணமான புதிதில் "என்னையும் ஒண்ணு எடுங்க" என்று கேட்டுப் பார்த்தேன். "நீ அசையற" என்றார். மலை அசையாதாம். அப்படியானால் மலையையே கட்டியிருக்கலாமே என்று கேட்டதற்கு, கேமராவைத் தூக்கிக்கொண்டு மலைக்கே போய்விட்டார்.

வெலிங்டனில் ராணுவ ஆபீஸ் ஒன்றில் அவர் சிவிலியன் கிளார்க். நான் குன்னூரில் தேயிலை ஏலத்துக்கு சாம்பிள் அனுப்புகிற ஒரு ஆபீசில் இருக்கிறேன். வாரம் முழுக்க இரண்டு பேரும் சாதாரண மனிதர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் பாத்ரூம் அவர் கைக்குப் போய்விடும். ஜன்னலுக்குக் கருப்புக் கம்பளி, மேலே சிவப்பு பல்பு, தரையில் மருந்துத் தட்டுகள். குளிக்க வேண்டியவர்கள் சனிக்கிழமையே குளித்துக்கொள்ள வேண்டியது. ஃபிலிமும் பேப்பரும் கூரியரில் வந்து இறங்கும். ஊரே போனில் எடுக்கிறது, இவருக்கு மட்டும் என்ன வந்தது என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். எனக்கு மட்டும் தெரியுமா என்ன.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைப் பேப்பரை மருந்தில் போட்டதும் படம் மெல்ல எழுந்து வரும் பாருங்கள், அதைப் பார்க்க நான் எந்த வேலையையும் அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுவேன். முதலில் எது வரும் என்று எனக்குள்ளேயே ஒரு பந்தயம் வைத்துக்கொள்வேன். பெரும்பாலும் மரம்தான் ஜெயிக்கும்.

அவருடைய கேமராவுக்கு இரண்டு கண்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. அதை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து மேலே இருக்கும் கண்ணாடிக்குள் பார்க்க வேண்டும். மேல் கண் அவர் பார்ப்பதற்கு. கீழ்க் கண் ஃபிலிம் பார்ப்பதற்கு. இரண்டும் ஒன்றையே பார்க்கின்றன என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மழை விட்ட சமயம், அப்பாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். இதயத்தில் அடைப்பு, பைபாஸ் பண்ணியே ஆக வேண்டும் என்றார்கள். திங்கட்கிழமை வந்து சேர வேண்டும், மறுநாள் ஆபரேசன். அப்பா டாக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி, டீ குடிக்கலாமா என்பது. எஸ்டேட் ஃபேக்டரியில் இலையைத் தூளாக்கும் டீ மேக்கராக இருந்து ரிட்டையர் ஆனவர் வேறென்ன கேட்பார்.

மலைக்குத் திரும்பி வந்த அன்றைக்கே அவர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, நான் கீழ போறதுக்குள்ள குடும்பத்தோட ஒரு படம் எடுத்துக் குடுத்துருங்க. உங்க கருப்பு வெள்ளையில."

"கலர்ல நல்லா வருமுங்க மாமா. யாராச்சும் போன்ல..."

"கலர்ல எடுத்தா ஆளப் பாக்க மாட்டாங்க, சேலையத்தான் பாப்பாங்க. எனக்கு மூஞ்சி தெரியோணும்."

அடுப்படியில் நின்றுகொண்டிருந்த அம்மா, "ஆபரேசன் முடிஞ்சு வந்து எடுத்துக்கலாமுங்க" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அம்மாவுக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்து வீடுகளில் கூடத்துச் சுவரில் மாலை போட்டுச் சின்ன பல்பு எரியும் படங்களில் பாதி இப்படி எடுத்தவைதான். உடம்புக்கு முடியாமல் போவதற்கு முன்னால் கடைசியாக எடுத்தது என்று கதையும் சொல்வார்கள். அம்மா அந்தக் கதைகளை எல்லாம் கேட்டவள்.

"வந்து எடுத்தா எளச்சுப்போய்க் கெடப்பேன். இப்பத்தான் பாக்கறாப்புல இருக்கறேன்" என்றார் அப்பா.

கடைசியில் அம்மா ஒரே ஒரு நிபந்தனையில் சம்மதித்தாள். அப்பாவைத் தனியாக ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. எடுத்தால் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். தனிப்படம் எதற்கு உதவும் என்று அவளுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். மனிதர்களை எடுப்பதே அவருக்குக் கஷ்டம், இதில் தனித்தனியாக வேறு எடுப்பாரா.

சனிக்கிழமை திருப்பூரிலிருந்து அண்ணன், அண்ணி, அவர்கள் மகள் மூன்று பேரும் வந்துவிட்டார்கள். அம்மா அறுபதாம் கல்யாணத்துக்கு எடுத்த பட்டைக் கட்டிக்கொண்டாள். நல்ல குங்குமச் சிவப்பு. நெற்றியிலும் குங்குமம். அம்மா ஸ்டிக்கர் பொட்டைத் தொடவே மாட்டாள். காலையில் குளித்ததும் மோதிர விரலால் குங்குமத்தை எடுத்து வட்டமாக வைப்பாள், அது சாயங்காலம் வரைக்கும் அப்படியே நிற்கும். அண்ணி கரும்பச்சைப் பட்டு, கருப்பு ஸ்டிக்கர். எனக்கும் அன்றைக்குக் கருப்பு ஸ்டிக்கர்தான். அப்பா கோட்டும் மஃப்ளரும்.

அப்பா வீட்டு வாசலில் நாற்காலிகளைப் போட்டாயிற்று. பின்னால் தேயிலைச் சரிவு, அதற்குப் பின்னால் மலை. அப்பாவுக்கு அந்த மலை படத்தில் விழுந்தே ஆக வேண்டும். வேலையில் இருந்த காலம் முழுக்க விடிந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாராம். மலை தெளிவாகத் தெரிந்தால் ஃபேக்டரியில் பரப்பி வைத்த இலை சீக்கிரம் வாடும், தெரியாவிட்டால் ஃபேனைப் போட வேண்டும். அவருக்கு அது கடிகாரம் மாதிரி. ஆனால் அன்றைக்குப் பார்த்து மலையின்மேல் நீலமாக ஒரு மூட்டம் படிந்து, பாதி கரைந்து கிடந்தது.

"மலை தெரியுமுங்களா மாப்பிள்ளை?"

"அது என் பொறுப்பு மாமா" என்றார் என் வீட்டுக்காரர், முகமெல்லாம் பல்லாக. இதுதான் அவருக்குத் தெரிந்த வேலை. பையிலிருந்து ஒரு சிவப்புக் கண்ணாடி ஃபில்டரை எடுத்துக் கேமராவின் கீழ்க் கண்ணில் மாட்டினார். அதைப் போட்டால் மூட்டத்தைத் தாண்டி மலை தெரியுமாம். மலையை எடுக்கப் போகும்போதெல்லாம் அதை மாட்டித்தான் பழக்கம். ஸ்டாண்டில் கேமராவை வைத்தார். "அசையாம இருங்க, மூச்ச மெதுவா விடுங்க" என்றார். மேல் கண்ணில் அவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்திருக்கிறது. அம்மா சிவப்பாக, அண்ணி பச்சையாக, அப்பா அப்பாவாக. ஃபிலிம் முடியும்வரை திரும்பத் திரும்ப எடுத்தார்.

சாயங்காலமே ஃபிலிமைக் கழுவி, ஹீட்டர் போட்டுக் காய வைத்தார். ஞாயிற்றுக்கிழமை விடியக் காத்தால அண்ணன் குடும்பம் கிளம்பிப் போனது. பெண்ணுக்கு மறுநாள் பரீட்சை. அப்பாவும் அம்மாவும் அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்து தங்கி, காலையில் இங்கிருந்தே காரில் கோயமுத்தூர் போவதாக ஏற்பாடு. அதற்குள் படம் தயாராக இருக்க வேண்டும் என்று மத்தியானமே பாத்ரூமை மூடினோம்.

பேப்பர் மருந்துக்குள் போனது. நான் அப்பாவின் மஃப்ளர்மேல் பந்தயம் வைத்திருந்தேன். ஜெயித்தது அண்ணியின் சேலை, கன்னங்கரேலென்று. அப்புறம் அண்ணனின் முடி. அப்புறம் பின்னால் மலை, ஒவ்வொரு மடிப்பும் எழுந்து வந்தது. "மலை வந்துருச்சு பாரு" என்று அவர் குதிக்காத குறை. அப்பாவின் முகமும் வந்தது. பத்து வயது குறைந்த மாதிரி, கண்ணுக்குக் கீழே இருந்த சோர்வெல்லாம் போய் அழகாக இருந்தார்.

அம்மா மட்டும் வரவில்லை. முகம் வந்தது, முடி வந்தது. சேலை வரவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருங்க" என்றேன்.

"வந்தாச்சு. இதுக்கு மேல வெச்சா எல்லாம் கருத்துரும்."

குனிந்து பார்த்தேன். அம்மா வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். நெற்றியில் ஒன்றுமே இல்லை.

சட்டென்று தலையைத் தூக்கியபோது எதிரே பாத்ரூம் கண்ணாடி. அதில் என் நெற்றியிலும் பொட்டைக் காணோம். காலையில் கோயிலில் வைத்த குங்குமம், தொட்டுப் பார்த்தால் விரலில் ஒட்டுகிறது, கண்ணாடியில் இல்லை. அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. ஓ, எல்லாம் இந்தச் சிவப்பு பல்பு பண்ணுகிற கூத்து, வெளிச்சத்துக்குப் போனால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். படத்தை நிலைக்க வைக்கிற மருந்தில் போட்டு எடுத்து, தண்ணீரில் அலசி, சொட்டச் சொட்ட அடுப்படி ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஜன்னல் கண்ணாடியில் என் பொட்டு திரும்பி வந்திருந்தது. படத்தில் அம்மாவின் பொட்டு வரவில்லை. அண்ணியின் கருப்பு ஸ்டிக்கரும் என்னுடையதும் மட்டும் கல்லு மாதிரி நிற்கின்றன. அப்பா ஜம்மென்று உட்கார்ந்திருக்க, பக்கத்தில் அம்மா தாலியறுத்தவள் மாதிரி வெள்ளையில்.

என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து பார்த்தார். "ஃபில்டர்" என்றார் மெதுவாக. பையிலிருந்து அதை எடுத்து என் கையில் கொடுத்து, "கண்ணுல வெச்சு அந்தக் காலண்டரப் பாரு" என்றார்.

வைத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையே இல்லை. கருப்பில் அச்சடித்த கிழமைகள் எல்லாம் அப்படியே இருக்க, சிவப்பில் அடித்திருந்த ஞாயிறுகளும் லீவு நாட்களும் காகிதத்தோடு காகிதமாகப் போய்விட்டன. எடுத்தால் வருகிறது, வைத்தால் போகிறது. கோபப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு ஆசை வந்துவிட்டது, என்னத்தைச் சொல்ல. அந்தக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேன். தக்காளி வெளுத்தது. கேஸ் சிலிண்டர் வெளுத்தது. வாசலில் இருந்த சிவப்பு ஜெரேனியம் பூவெல்லாம் வெளுத்து, இலையெல்லாம் கருத்தது. சாமி அலமாரியில் குங்குமக் கிண்ணத்தைப் பார்த்தேன், அதில் பவுடர் இருக்கிற மாதிரி இருந்தது. மலையைக் காட்டுகிற கண்ணாடி இதையெல்லாம் தின்றுவிட்டுத்தான் காட்டுகிறது. மலையில் குங்குமம் இல்லை, அதனால் இத்தனை வருடமாக இவருக்கு இது தெரியவில்லை.

மற்ற படங்களையும் பார்த்தோம். எல்லாவற்றிலும் அதே கதை. திரும்ப எடுக்கலாம் என்றால் அண்ணன் வீட்டார் இந்நேரம் திருப்பூரில்.

"ஃபிலிம் வீணாப் போச்சுன்னு சொல்லிரலாமா?" என்றார்.

"நல்லாச் சொன்னீங்க. படமே விழலைன்னா அம்மா அதுக்கு என்ன அர்த்தம் எடுக்கும்னு தெரியுமா உங்களுக்கு?"

பென்சிலைக் கூர்மையாக்கி, அதே படத்தின் இன்னொரு பிரதியில் அம்மாவுக்கு ஒரு பொட்டு வரைந்து பார்த்தேன். ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தது. அழித்தேன், ஈ போய் அழுக்கு வந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நல்ல பிரதியை அடுப்படிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, அம்மா வருவதற்குள் அதை எங்கே ஒளிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். குன்னூர் ஈரத்தில் அது லேசில் காய்வதாகவும் இல்லை.

அதற்குள் கார் சத்தம் கேட்டது. அப்பா கூடத்து சோபாவில் உட்கார்ந்து மூச்சு வாங்க, அம்மா பையோடு நேராக அடுப்படிக்கு வந்துவிட்டாள். அம்மாவுக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அடுப்படி. நான் குறுக்கே போய் நிற்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

கொடிக்கு முன்னால் நின்று பார்த்தாள். அலறவில்லை. வாயைப் பொத்தவில்லை. பையைக் கீழே வைத்தாள்.

"செவப்பு எங்க போச்சு அம்மிணி?" என்று கேட்டாள்.

நான் படபடவென்று எல்லாம் சொன்னேன். ஃபில்டரை எடுத்து அவள் கையில் கொடுத்து காலண்டரைக் காட்டினேன். அம்மா கண்ணில் வைத்துப் பார்த்தாள். எடுத்தாள். வைத்தாள். தன் சேலை முந்தானையைப் பார்த்தாள். அப்படியே திரும்பி, அடுப்படி வாசல் வழியாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவையும் ஒரு தரம் பார்த்தாள். "கண்ணாடி பண்ணுன வேல" என்றாள். முழுக்கப் புரிந்துவிட்டது. என்னைவிட வேகமாகவே புரிந்துவிட்டது.

"அதுதானேம்மா. மனசுல எதும் வெச்சுக்காத."

"புரியுது சாமி" என்றாள். ஆனால் கண் படத்தைவிட்டு நகரவில்லை. புரிந்தால் பயம் போய்விடும் என்று நான் நினைத்ததுதான் தப்பு. அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது.

அம்மா சாமி அலமாரிக்குப் போனாள். குங்குமக் கிண்ணத்தோடு வந்தாள். மோதிர விரலைக் கிண்ணத்தில் தொட்டபோதுதான் என்ன பண்ணப் போகிறாள் என்று எனக்கு உறைத்தது. கையைப் பிடித்தேன்.

"அம்மா, உசுரோட இருக்கறவங்க படத்துக்கு வெக்கக் கூடாதும்மா."

"எனக்குத் தெரியாதா?"

எங்கள் எல்லோருக்கும் தெரியும். சாமி படத்துக்குப் பொட்டு வைப்பார்கள், போய்ச் சேர்ந்தவர்கள் படத்துக்குப் பொட்டு வைப்பார்கள். வைக்காமல் விட்டால் இந்தப் படத்தில் அப்பா இல்லை. வைத்தால் அம்மா இல்லை. அவள் என் கையை மெதுவாக விலக்கிவிட்டு, படத்தில் தன் நெற்றியில் சரியாக வைத்தாள். ஈரப் பேப்பரில் குங்குமம் பச்சக்கென்று பிடித்துக்கொண்டது. கருப்பு வெள்ளைக்கு நடுவே அது மட்டும் சிவப்பு.

எனக்கு வந்ததே கோபம். "அப்படி என்னம்மா, நீ முந்திப் போனா எல்லாம் சரியாயிருமா? அப்ப நாங்கெல்லாம் ஆரு?" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். அம்மா கிண்ணத்தை மூடப் போனாள்.

"மூடாத புள்ள" என்று அப்பாவின் குரல்.

எப்போது எழுந்து வந்தாரோ, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கொடியருகே வந்து கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படத்தைப் பார்த்தார். முதலில் மலையை. "அடேயப்பா, நல்லா வந்திருக்குதுங்க மாப்பிள்ளை" என்றார். அப்புறம் தன்னை, அப்புறம் பக்கத்தில் அந்த ஒரே சிவப்பை. ஏன் என்று அவர் கேட்கவில்லை. கிண்ணத்துக்குக் கையை நீட்டினார்.

மோதிர விரலால் எடுத்து முதலில் தன் நெற்றியில் வைத்தார், அம்மா வைத்த அதே அளவுக்கு, வட்டமாக. அப்புறம் அண்ணனுக்கு. அப்புறம் அண்ணிக்கு, அந்தக் கருப்பு ஸ்டிக்கர் மேலேயே. அப்புறம் படத்தில் அண்ணி பக்கத்தில் இருந்த எனக்கு.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் அம்மா.

"ஒருத்தருக்கு மட்டும் இருந்தாத்தான் அடையாளம். கூட்டிட்டுப் போக வர்றவன் வந்து பாத்துக் கொழம்பட்டும்."

பேத்தியின் முகத்துக்கு மேலே விரல் நின்றுவிட்டது. "புள்ளைக்கு வேண்டாமுங்க" என்றாள் அம்மா. அப்பா யோசித்தார். நெற்றியை விட்டுவிட்டு, கைக்குழந்தைக்குத் திருஷ்டிக்கு வைக்கிற மாதிரி கன்னத்தில் ஒன்று வைத்தார். கடைசியாக என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க படத்துல இல்லீங்களே மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, மீதிக் குங்குமத்தை நேராக அவர் நெற்றியிலேயே வைத்துவிட்டார். மனிதர் அசையாமல் நின்றார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் ராத்திரிக்கு ரசம் வைக்கட்டுமா என்று கேட்டாள்.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. அப்பா இளைத்துப்போய்த்தான் வந்தார், அவர் சொன்ன மாதிரியே. டீயும் குடிக்கிறார், சர்க்கரை இல்லாமல், முகத்தைச் சுளித்துக்கொண்டு. என் வீட்டுக்காரர் ஃபில்டர் இல்லாமல் இன்னொரு தரம் எடுத்துத் தருகிறேன் என்றார், அப்பா வேண்டாம் என்றுவிட்டார். அந்தப் படமே காய்ந்து, குங்குமம் பேப்பரோடு பேப்பராக ஒட்டி, கண்ணாடி போட்டு அப்பா வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. மாலை இல்லை, பல்பு இல்லை.

போன மாதம் அண்ணன் அப்பாவைப் பார்க்க வந்தார். சுவரைப் பார்த்து அதிர்ந்து போனார்.

"ஆரு வேல இது? உசுரோட இருக்கறவங்களுக்குப் போய்..."

"நாந்தான் வெச்சேன்" என்றார் அப்பா, நாற்காலியில் சாய்ந்தபடி.

"ஒண்ணு மட்டும் நான் வெச்சது" என்றாள் அம்மா. "எதுன்னு சொல்லு பாக்கலாம்."

அண்ணன் படத்தின் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். எல்லாம் ஒரே அளவு, ஒரே சிவப்பு. படத்தில் அண்ணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெண்ணின் கன்னத்தைப் பார்த்தார். அம்மாவின் பொட்டைத் தாண்டி விரல் போய்விட்டது. அது எப்போதும் அங்கே இருப்பதுதானே. கடைசியில் அப்பாவின் நெற்றியில் வந்து நின்றது.

"இதுதான?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதேதான்" என்றாள் அம்மா.